கொலாஜனைத் தேடிப்போகும் பெப்டைடு: கையில் உள்ளதும் இன்னும் வராததும்

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மூட்டுவலி எட்டிப் பார்க்காத வீடு குறைவு. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் குனிந்திருக்கும் பெண்களுக்குக் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கின்றன. வயலில் நின்றே வயதானவர்களுக்கு இடுப்பும் முழங்காலும். சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றால அருவியில் நின்றால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது. அடுத்த வாரம் வலி திரும்பிவிடுகிறது.

இந்த வலிக்கு இப்போது புதிதாக ஒரு பெயரைச் சொல்லி விற்கிறார்கள்: கொலாஜன் பெப்டைடு. டப்பாவில் பொடியாகவும், பொட்டலத்தில் பானமாகவும், முகத்துக்குப் பூசும் திரவமாகவும் வருகிறது. கூடவே கைபேசியில் ஒரு அறிவியல் செய்தியும் சுற்றுகிறது. கொலாஜனோடு ஒட்டிக்கொள்ளும் செயற்கைப் பெப்டைடுகளை உடலுக்குள் செலுத்தி நோய் இருக்கும் இடத்தைப் படமெடுக்கிறார்கள், அவற்றைக் கொண்டே மருந்தைச் சேர்க்கவும் முயல்கிறார்கள் என்பது அந்தச் செய்தி. செய்தி பொய்யில்லை. ஆனால் அதைக் காட்டி அந்தப் பொடியை விற்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூலிப் பணத்தை எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தெளிவில்தான் இருக்கிறது.

மூன்று புரி, ஒரு முறுக்கு

நம் உடலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக் குழாயின் சுவர் என்று எதையெல்லாம் இழுவைக்கும் அழுத்தத்துக்கும் தாங்கும்படி உடல் கட்டுகிறதோ, அங்கெல்லாம் இது இருக்கிறது. இதுவரை 28 வகைகள் அறியப்பட்டுள்ளன. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் மிகுதியாக இருப்பது முதல் வகை. மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை.

இதன் அமைப்பைப் புரிந்துகொள்ளத் தென்னங்கயிறு போதும். கயிறு திரிப்பவர் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார். அதனால்தான் கயிறு இழுத்தால் அவிழாமல் இறுகுகிறது. கொலாஜனும் அப்படித்தான். இடப்பக்கம் சுருண்ட மூன்று சங்கிலிகள், ஒன்றையொன்று வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒரே முறுக்காகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் 1,000 அமினோ அமிலங்கள். முழு முறுக்கின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர்.

இந்த மூன்று புரிக் கணக்கை உலகுக்கு முதலில் சொன்ன இடம் சென்னை. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்றவர், கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பியவர். வயது முப்பதை ஒட்டியிருந்தது. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சில் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடுவது என்றாலே கொலாஜனோடு செய்யும் வேலைதான். அங்கிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநாண் இழையின்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் கணக்குப் போட்டார்கள்.

அவர்களுக்கு வழிகாட்டியது ஒரு எளிய உண்மை. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. அதன் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்று சங்கிலிகள் நெருங்கிச் சுற்றும்போது நடுவில் வேறெதற்கும் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின்தான் வந்தாக வேண்டும். 1954-ல் ‘நேச்சர்’ இதழில் மூன்று சங்கிலி அமைப்பையும், 1955-ல் அவை ஒன்றையொன்று சுற்றும் திருத்திய வடிவத்தையும் வெளியிட்டார்கள். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதே ஆண்டில் அதன் சில நுணுக்கங்களை மறுத்துத் தங்கள் வடிவத்தை முன்வைத்தனர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில் விவாதம் நீண்டது. மூன்று சங்கிலி, மூன்றாமிடத்தில் கிளைசின் என்ற அடித்தளம் அசையவில்லை. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்குக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்று பெயர் வைத்திருப்பது இந்தக் கண்டுபிடிப்பை நினைத்துத்தான்.

கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் அறியும். ஒரே ஒரு இடம் மாறினாலும் குழந்தை எலும்பு எளிதில் நொறுங்கும் நோயோடு பிறக்கக்கூடும். அணு அளவிலான இந்த விதி அவ்வளவு கண்டிப்பானது. அந்தக் கண்டிப்புதான் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு கருவியாகவும் ஆனது.

அவிழ்ந்த இடத்தைத் தேடி

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சிறு சங்கிலி. எந்த வரிசை வேண்டுமோ அதை ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். கொலாஜனின் விதி தெரிந்துவிட்டபடியால், அதன் முறுக்கில் சேரக்கூடிய சங்கிலி எது என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. கிளைசின், புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பக் கோத்தால் அப்படி ஒரு சங்கிலி கிடைக்கும். ஒன்பது முறை கோத்தால் 27 அமினோ அமிலங்கள். கொலாஜனின் 1,000 எங்கே, இந்த 27 எங்கே! ஆனாலும் மும்முறுக்கில் சேரும் நாட்டம் இதற்கு மிக வலுவாக உண்டு.

இது எங்கே போய்ச் சேரும்? நன்றாக இருக்கும் கொலாஜனில் மூன்று இடமும் நிறைந்திருக்கிறது. அங்கே இதற்கு வேலையில்லை. அடிபட்டு, அளவுமீறி இழுபட்டு, அழற்சியில் நொதிகளால் வெட்டுப்பட்ட கொலாஜனில்தான் புரிகள் பிரிந்து தொங்கும். வெட்டுப்பட்ட துண்டுகள் உடலின் 37 டிகிரி வெப்பத்திலேயே தாமாக அவிழ்ந்துவிடும். அந்த அவிழ்ந்த புரியோடு இந்தச் சிறு சங்கிலி சேர்ந்து மீண்டும் மும்முறுக்காகிறது. சங்கிலியின் நுனியில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டிவிட்டால், சிதைவு எங்கே இருக்கிறதோ அங்கே ஒளி தெரியும்.

2005-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யூவின் குழு, இத்தகைய சிறு சங்கிலிகள் கொலாஜனோடு பிணைவதைக் காட்டியது. பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் அந்த வேலை தொடர்ந்தது. நடுவில் ஒரு பெரிய தடை இருந்தது. இந்தச் சங்கிலிகள் தனியே கிடந்தால் தமக்குள்ளேயே மூன்று மூன்றாகச் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. அப்புறம் சிதைந்த கொலாஜனோடு சேர அவற்றுக்குக் காலி இடம் இருக்காது. ஆய்வகத்தில் திசுத் துண்டின்மேல் இடுவதானால், கரைசலை 80 டிகிரிக்குச் சூடாக்கிப் பிரித்து, சட்டென்று குளிரவைத்து உடனே பயன்படுத்தலாம். உயிருள்ள உடலுக்கு வேறு வழி வேண்டும். ஆகவே சங்கிலியின் நடுவே ஒரு வேதித் தடையை மாட்டி, முறுக்கிக்கொள்ள முடியாதபடி செய்தார்கள். புற ஊதா ஒளி பட்டால் அந்தத் தடை கழன்றுவிடும். ஊசி போடுவதற்குச் சற்று முன் ஒளியைக் காட்டிவிட்டு எலியின் உடலில் செலுத்தினார்கள். புற்றுக் கட்டியைச் சுற்றிக் கொலாஜன் சிதையும் இடங்களில் அது தங்கியதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆரோக்கியமான எலியின் எலும்பிலும் ஒளி தெரிந்தது. எலும்பு நாள்தோறும் தன்னைச் சிதைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு, அதனால் அங்கே அவிழ்ந்த கொலாஜன் எப்போதும் இருக்கும். ஒளி தெரிவதெல்லாம் நோய் இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம். இந்தக் கருவி கொலாஜன் சிதைகிறது என்று சொல்லும். எந்த வகைக் கொலாஜன், எந்தக் காரணத்தால் என்று அதனால் மட்டும் சொல்ல இயலாது.

2017-ல் யூட்டாக் குழு செய்த சோதனை உழைக்கிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது. எலியின் வாலில் உள்ள தசைநாணை இழுத்து, இந்தப் பெப்டைடைக் கொண்டு பார்த்தார்கள். தசைநாண் அறுந்துபோகும் முன்னரே, மூலக்கூறு அளவில் கொலாஜன் அவிழத் தொடங்கிவிடுகிறது. 2020-ல் வந்த தொடர் ஆய்வு, திரும்பத் திரும்ப இழுபடும்போது இந்த அவிழ்தல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடைசியில் தசைநாணையே செயலிழக்கவைக்கிறது என்று காட்டியது. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்யும் கைகளுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இது ஒரு தொடக்கம். ஆனால் அது எலியின் தசைநாண், அதுவும் உடலுக்கு வெளியே எடுத்துச் சோதித்தது. பீடி சுற்றும் கையின் வலிக்கு இதுதான் காரணம் என்று இதை வைத்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

தழும்பைக் காட்டும் இன்னொரு வகை

கொலாஜன் குறைந்தாலும் தொல்லை, மிஞ்சினாலும் தொல்லை. காயம் ஆறும் இடத்தில் கொலாஜன் சேர்வதுதான் தழும்பு. தோலில் சேர்ந்தால் வடுவோடு போகும். ஈரலிலும் நுரையீரலிலும் இதயத்திலும் அளவின்றிச் சேர்ந்தால் உறுப்பே இறுகிப்போகும். மருத்துவர்கள் இதை பைப்ரோசிஸ் என்கிறார்கள்.

இங்கே தேவைப்படுவது, சிதையாத கொலாஜனையும் அடையாளம் காணும் பெப்டைடு. எண்ணற்ற வரிசைகளைக் கொலாஜனோடு சேர்த்துப் பார்த்து, எது ஒட்டுகிறது என்று சலித்தெடுத்து இவற்றைக் கண்டுபிடித்தார்கள். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றும் பீட்டர் காரவானும் உடன் உழைத்தவர்களும் 2007-ல், முதல் வகைக் கொலாஜனோடு ஒட்டும் ஒரு வளையப் பெப்டைடில் காடோலினியத்தை இணைத்துக் காட்டினார்கள். காடோலினியம் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு பகுதியை வெளிச்சமாக்கும் உலோகம். மாரடைப்புக்குப் பின் எலியின் இதயத்தில் ஏற்பட்ட தழும்பு அதில் தெரிந்தது. பிற்பாடு ஈரலின் பைப்ரோசிஸ் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதையும் விலங்குகளில் பார்த்தார்கள்.

இதன் பயன் என்ன என்று கேட்கலாம். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று உறுதிசெய்ய இன்று ஊசியால் குத்திச் சதைத்துணுக்கு எடுக்கிறார்கள். அது ஈரலின் மிகச் சிறிய துளி. பக்கத்தில் வேறுமாதிரி இருந்தால் தெரியாது. பலமுறை குத்தவும் முடியாது. ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் வந்திருக்கிறது, அது மறைமுகமான அளவு. கொலாஜனையே நேராகக் காட்டும் படம் கிடைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதை மாதக்கணக்கில் காத்திராமல் அறியலாம்.

இதிலும் தடை உண்டு. அந்த முதல் வடிவம் காடோலினியத்தைப் பிடித்துவைத்திருந்த விதம், மனிதருக்குப் போதிய பாதுகாப்பானது இல்லை. பிடி தளர்ந்து உலோகம் உடலில் தங்கினால் ஆபத்து, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. ஆகவே வேறு பாதையும் தேடினார்கள். அதே குடும்பத்துப் பெப்டைடில் கதிரியக்கக் காலியம்-68-ஐ இணைத்து பெட் ஸ்கேனில் பார்ப்பது அந்தப் பாதை. காலியம்-68-இன் கதிரியக்கம் 68 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். காரணம் தெரியாமல் நுரையீரல் இறுகும் நோயாளிகளிடம் இதைச் சோதித்து, நலமானவர்களைவிட அவர்கள் நுரையீரலில் அது அதிகம் தங்குவதை 2019-ல் வெளியிட்டார்கள். கொலாஜனைத் தேடும் பெப்டைடு மனித உடலில் வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. சில நோயாளிகளிடம் செய்த முதல்கட்டச் சோதனை அது. ஊரில் உள்ள ஸ்கேன் மையத்துக்குப் போய்க் கேட்டால் கிடைக்கும் பரிசோதனையாக அதை எண்ணிவிடக் கூடாது.

சிகிச்சை எங்கே நிற்கிறது

படமெடுக்க உதவும் பெப்டைடு மருந்தையும் சுமந்து செல்லலாம் அல்லவா? இந்த நியாயமான எண்ணத்தில்தான் சிகிச்சை ஆய்வுகள் நடக்கின்றன.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. விழுங்கும் மாத்திரை அங்கே சேர்வது கடினம். மூட்டுக்குள் நேராக ஊசி போட்டாலும் மருந்து விரைவில் வடிந்துவிடும். 2008-ல் சுவிட்சர்லாந்தில் ஜெப்ரி ஹப்பலின் குழு, இரண்டாம் வகைக் கொலாஜனோடு ஒட்டும் ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடை மிக நுண்ணிய துகள்களின் மேல் பதித்து, எலியின் முழங்காலில் செலுத்தியது. 40 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் குருத்தெலும்புக்குள் புகுந்து தங்கின, பெரியவை புகவில்லை. ஒட்டும் தன்மை மட்டும் போதாது, உள்ளே நுழையும் அளவும் வேண்டும் என்று இதிலிருந்து கற்றார்கள்.

புண்களிலும் முயற்சி நடக்கிறது. அமெரிக்காவில் ரொனால்ட் ரெய்ன்ஸின் குழு, புண்ணில் அவிழ்ந்து கிடக்கும் கொலாஜனோடு சேரும் பெப்டைடில், புண் ஆறத் தூண்டும் பொருளைக் கட்டி எலியின் புண்ணில் இட்டது. ஆற்றும் பொருள் கழுவிப்போகாமல் அங்கேயே தங்கியது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண் எத்தனை குடும்பங்களைக் கடனாளியாக்கியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த முயற்சியின் அருமை தெரியும்.

ஆனால் முழங்கால் சோதனையும் புண் சோதனையும் எலியில் நடந்தவை. இந்தப் பெப்டைடு தேய்ந்த குருத்தெலும்பைத் தானே வளர்த்துவிடாது. பிரிந்த புரியோடு சேர்வதால் கொலாஜன் பழைய வலிமைக்கும் திரும்பாது. நோய் இருக்கும் இடத்தில் போய்த் தங்குவது மட்டுமே இதன் வேலை. அங்கே என்ன மருந்தைக் கொடுப்பது என்பது தனிக் கேள்வி. நுரையீரல் இறுகும் நோய்க்கு இன்றுள்ள மருந்துகள் அதன் வேகத்தைக் குறைக்கின்றன, உண்டான தழும்பை நீக்குவதில்லை. நல்ல படம் கிடைத்தாலும் நல்ல மருந்து வேறாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டும்.

டப்பாவில் இருப்பது என்ன

கடையில் விற்கும் பொடி, மாடு அல்லது மீனின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுத்த கொலாஜனைத் துண்டாக்கியது. வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப் போலவே செரிக்கிறது. பெரும்பகுதி தனி அமினோ அமிலங்களாகவும், சிறிதளவு இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளாகவும் ரத்தத்தில் கலக்கிறது. அது முழங்காலைத் தேடிப் போவதில்லை. வலி கொஞ்சம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல சிறியவை, பல தயாரிப்பாளர்களின் பண உதவியோடு நடந்தவை. ஆய்வகத்தில் வரிசை பார்த்துக் கோத்து ஊசிவழி செலுத்தும் பெப்டைடுக்கும் இந்தப் பொடிக்கும் செய்முறையிலும் இல்லை, நோக்கத்திலும் இல்லை உறவு.

கொலாஜனை உடல் தானே செய்துகொள்கிறது. அதற்கு வேண்டியது போதுமான புரதமும் வைட்டமின் சி-யும். புரோலின் ஹைட்ராக்சிபுரோலினாக மாற வைட்டமின் சி வேண்டும், அந்த மாற்றம் இல்லாவிட்டால் மும்முறுக்கு நிலைக்காது. கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயில் ஈறு கரைந்ததும் பழைய காயம் பிரிந்ததும் இதனால்தான். பருப்பும் முட்டையும் மீனும் நெல்லிக்காயும் கொய்யாவும் சந்தையில் கிடைக்கின்றன. பொடி வாங்கும் பணத்தில் இவற்றை வாங்கலாம் என்று கூச்சமின்றிச் சொல்லலாம்.

இனி யாராவது கொலாஜன் பெப்டைடு ஊசி என்று சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது மனிதரிடம் சோதிக்கப்பட்டதா, விலங்கில் மட்டுமா? என் நோய்க்காகச் சோதித்தார்களா, வேறொன்றுக்காகவா? சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா? 2009 முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். இணையத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு எண் கேட்டவுடன் பேச்சை மாற்றுகிறவரிடம் உடம்பைக் கொடுக்க வேண்டாம்.

நம் நோய்களுக்கு நம் ஆய்வு

பொதுமக்களிடம் விழிப்பைக் கேட்கும்போது, ஆய்வு நிறுவனங்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியதும் உண்டு. மேலைநாட்டு ஆய்வுகள் அவர்கள் முன்னால் இருக்கும் நோய்களைப் பார்க்கின்றன. நம் முன்னால் இருப்பவற்றில் ஒன்று, பாக்கு மெல்லுவோரின் வாய் இறுகும் நோய். பாக்கில் உள்ள அரிகோலின் கொலாஜனை மிகுதியாகச் சுரக்கத் தூண்டுகிறது, பாக்கின் செம்புச்சத்து அந்தக் கொலாஜனை இன்னும் இறுகப் பிணைக்கும் நொதிக்குத் துணைபோகிறது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்து, நாளடைவில் வாயைத் திறக்க முடியாமல் போகும். சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறும். வெற்றிலைப் பாக்கு, பொட்டலப் பாக்கு இரண்டும் புழங்கும் நம் மாவட்டத்தில் இது பல் மருத்துவர்களுக்குப் பழக்கமான நோய். வாய் என்பது வெளிச்சம் எட்டும் இடம். உள்ளுறுப்புகளைவிட அங்கே ஒரு பெப்டைடைச் சோதிப்பது எளிது. கல்குவாரித் தூசியால் இறுகும் நுரையீரலும் இதே வரிசையில் வரவேண்டியது.

இதற்கு வேண்டியவை தமிழ்நாட்டில் தனித்தனியே இருக்கின்றன. கொலாஜனைப் பல பத்தாண்டுகளாக ஆராயும் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கிறது. ராமச்சந்திரன் வளர்த்த உயிர் இயற்பியல் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1965 முதல் நெல்லையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலில் தென்காசி வட்டாரத்து நோயாளிகள் நாள்தோறும் நிற்கிறார்கள். வேதியியல் அறிந்தவர்களும் நோயாளியைப் பார்ப்பவர்களும் ஒரே கேள்வியின்மீது சேர்ந்து வேலை செய்ய நிதியும் காலமும் ஒதுக்குவது அரசின் கடமை. அன்று ஒரு இயற்பியலாளர் தோல் நிலையத்தின் கதவைத் தட்டியதால்தான் மும்முறுக்கு பிடிபட்டது. துறைகளுக்கு நடுவே அந்தப் போக்குவரத்தை இன்று ஒரு திட்டமாகவே ஆக்க முடியும்.

அதுவரை மூட்டுவலிக்காரருக்குச் சொல்ல வேண்டியது எளியது. எலும்பு மருத்துவரைப் பாருங்கள், சொல்லித்தரும் உடற்பயிற்சியை விடாமல் செய்யுங்கள், எடையைக் கவனியுங்கள், வேலைக்கு நடுவே எழுந்து நடங்கள், பாக்கையும் புகையையும் விடுங்கள். கொலாஜனைத் தேடும் பெப்டைடு மெய்யான நம்பிக்கை தரும் ஆய்வு. அது முதிர்ந்து மருந்தாக வரும் நாளில் மருத்துவமனை வழியாக வரும், பதிவு எண்ணோடு வரும், என்ன செய்யும் என்ன செய்யாது என்ற தகவலோடு வரும். அப்படி வராத எதையும் அந்தப் பெயரைச் சொல்லி வாங்க வேண்டாம்.